நிர்மலா அக்காவின் கம்ப்யூட்டருக்குப் போட்ட பனியன்

நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஒரு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி அண்ணா கேட்டிருந்தார். சூடாகி அணைந்துபோகும் கம்ப்யூட்டர் வந்தால் எதை முதலில் பார்ப்பது, அடுத்து எதைப் பார்ப்பது. அவ்வளவுதான் அவர் கேட்டது. பெரியவன் பள்ளிக்குப் போன பிறகு, சின்னவள் தூங்கும் நேரமாகப் பார்த்து மூன்று நாளாக உட்காருகிறேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே நிர்மலா அக்காவின் சிபியு வந்து நின்றுவிடுகிறது. ஃபேன் சுற்றுகிறதா, சிப்பின் சூட்டை இழுக்கும் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். இதைச் சொல்ல ஆள் இல்லை. முழுவதும் தெரிந்தவர்கள் நானும் நிர்மலா அக்காவும் மட்டுமே. அண்ணாவுக்குப் பாதி தெரியும்.

படித்துவிட்டு, இவள் ஏழு வருடம் அந்தக் கடையில் என்ன வேலை கற்றாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேலையை விட்டு ஒரு வருடமாகிறது, எனக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருக்கிறது.

பனியன் உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். சிபியுவின் முன்பக்கச் சல்லடைக்கும் பக்கவாட்டுத் துளைகளுக்கும் உள்ளிருந்து பனியன் துணியை வெட்டி ஒட்டி அனுப்புவது நம் கடையின் வழக்கம். பெங்களூரில் எந்தக் கடையிலும் இதைப் பார்க்க முடியாது. அங்கே நம் ஊர் மாதிரி சயனைடு மேடு கிடையாது. தங்கத்தை எடுத்துக்கொண்டு சுரங்கக் கம்பெனி கொட்டிவைத்த மண், ஆடிக் காற்று எழுந்தால் மாவாகக் கிளம்பும். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாகியும் அது மட்டும் தவறாமல் வேலைக்கு வந்துவிடுகிறது. சாப்பாட்டுத் தட்டில், மடித்துவைத்த துணியில், குழந்தையின் காது மடிப்பில் எல்லாம் இருக்கும். கம்ப்யூட்டருக்குள் போனால் ஃபேனில் அப்பிக்கொண்டு, துடைத்தாலும் போகாது. அதனால் பனியன். சாதாரண மாதங்களில் ஒன்று, ஆடியில் இரண்டு மடிப்பு. ஆள் வெளியே போகும்போது அண்ணா கேட்பது பில்லை இல்லை, "பனியன் போட்டாச்சா?" என்பதைத்தான்.

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. ஆடி மாதத்தில் ஒரு நாளைக்கு நாலு முறை அவன் முகத்தை ஈரத் துணியால் துடைப்பேன். ஜன்னலைத் திறக்க விடமாட்டேன். "வீடா லாக்கரா இது? மூச்சு முட்டுது" என்பார் வீட்டுக்காரர். முட்டினால் முட்டட்டும், தூசி வராமல் இருந்தால் போதும் என்றிருந்தேன். மூடிவைத்தால் பத்திரம் என்பது எனக்குள் அப்படி ஊறிப்போயிருந்தது.

நிர்மலா அக்கா நம் ஊரிலேயே, மேட்டை ஒட்டிய பாலகாட்டில் இருந்தார். பெங்களூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. இன்னும் கட்டாத வீட்டின் சமையலறையும் படுக்கையறையும் கட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது. விடிவதற்கு முன் ரயில் ஏறினால், மகள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவார். கணவருக்கு ஓசூரில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தர்ஷினி பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டில் இருப்பாள்.

"எம் பொண்ணு என்னை ஞாயித்துக்கிழமை அம்மான்னு நெனச்சிக்கினு கீறா, கீதா" என்று அக்கா ஒருமுறை கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. அன்று மதியம் வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்து, மகன் என்னைக் கேட்டானா என்று நாத்தனாரிடம் விசாரித்தேன்.

அந்த ஆடியில் அலுவலகம் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தாங்க வேண்டும். ஒரு முழு வீட்டின் படங்களைச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்நேரம் வீட்டைக் கட்டப்போகிறவர்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காருவார்கள். படங்கள் வந்துவிட்டால் அக்கா இனி வீட்டில். வராவிட்டால் பழையபடி ரயில்.

திங்கட்கிழமை அவருடைய சிபியுவைத் திறந்தேன். மூன்று வருடம் முன்பு நம் கடையில் வாங்கியதுதான். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டேன், அதற்கு மின்சாரம் கொடுக்கத் தகுந்த எஸ்.எம்.பி.எஸ். போட்டேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன், சூடு அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டவில்லை. ஆடியாயிற்றே என்று புதிதாக இரண்டு மடிப்புப் பனியன் வெட்டி, ஓரம் பிசிறு இல்லாமல் ஒட்டினேன். சுருக்கமில்லாமல் ஒட்டுவதில் கடையில் எனக்குப் பெயர் உண்டு.

மறுநாளே அக்கா சிபியுவைப் பெட்ஷீட்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

"இன்னா கீதா, அரை ஷிப்டு கூட ஓடல. சூடாயி படுத்துக்கிச்சு."

திறந்து ஓட்டினேன். அணையவில்லை. பேஸ்டை மாற்றினேன், இன்னும் குளிர்ந்தது. மூடிக் கொடுத்தேன். வியாழக்கிழமை மறுபடி அதே பெட்ஷீட், அதே மடி. மறுபடி திறந்து ஓட்டினேன். எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் நன்றாக ஓடியது.

"இங்க வந்தா நல்ல புள்ளயாட்டம் கீதே. எங்கூட்டுக்கு வந்தாதான் இதுக்கு வயித்து வலி" என்றார் அக்கா.

வேலைக்குப் புதிது என்பதால் நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அத்தனை வருடப் பழக்கமே எனக்கு அந்த இடத்தில் கண்ணை மறைத்தது. நாம் எப்போதும் சைடு பேனலைக் கழற்றிவிட்டுத்தான் டெஸ்ட் செய்வோம். கை வைக்க, டார்ச் அடிக்க அதுதான் வசதி. திறந்த பெட்டி எப்படிச் சூடாகும்? அக்காவின் வீட்டில் அது மூடியிருந்தது, இரண்டு மடிப்புப் பனியனோடு. பழைய கம்ப்யூட்டர்களுக்கு உள்ளே அவ்வளவு சூடு கிடையாது, பனியன் வழியாக வரும் கொஞ்சம் காற்றே போதும். இந்தக் கார்டு அடுப்பு மாதிரி. அடுப்பை உள்ளே வைத்துவிட்டு வாசலை அடைத்தவள் நான்.

அக்கா அந்த வேடிக்கையைச் சொன்ன பிறகுதான் முதல் முறையாகப் பேனலை மூடிவிட்டு ஓட்டினேன். முன்பக்கம் உள்ளங்கையை வைத்தால் காற்றே இழுக்கவில்லை. திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றாறு வந்ததும் நிறுத்திவிட்டு, பனியனின் ஒரு மூலையைப் பிய்த்து மறுபடி ஓட்டினேன். எண் இறங்கியது.

அண்ணாவை உள்ளே கூப்பிட்டேன். அக்கா வெளியே நாற்காலியில் இருந்தார்.

"அண்ணா, பனியன்தான். பிச்சா சூடு எறங்குது."

"எத்தினி வருஷமா போட்டுக்கினு கீறோம்?"

"அதெல்லாம் சாதா மிஷினு. இதுல இவ்ளோ பெரிய கார்டு கீதே."

"பாலகாட் வீடுமா அது. மேட்டுக்கு நேர் எதிர்க்க. பனியன் இல்லாம அனுப்பினா பத்து நாள்ல உள்ள மாவு மில்லு. கார்டுக்கு வாரண்டி கேட்டா டஸ்ட்டுன்னு எழுதித் திருப்பிடுவான். அப்ப அந்தம்மா யாரப் புடிச்சிக்குவா? உன்னையா, என்னையா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படித் திரும்பி வந்த கார்டை நானே பார்த்திருக்கிறேன். என் மனம் எப்போதும் அடுத்தவர் சொல்வதில் உள்ள நியாயத்தைத்தான் முதலில் பார்க்கும். கையால் தொட்டுப் பார்த்தது பொய்யோ என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

"ரெண்ட ஒண்ணாக்கிடு. ஸ்வல்ப காத்து போவும், தூசியும் நிக்கும்" என்றார்.

ஒரு மடிப்பை உரித்தேன். மூடினேன். ஓட்டினேன். பத்தாவது நிமிடம் எண்பத்தெட்டு. அது நிற்குமா, ஏறுமா என்று தெரிய இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும்.

"இன்னா கீதா, ஆச்சா? ஹார்ன் அடிச்சி அடிச்சி ஆட்டோவே அழுதுடும் போல கீது" என்றார் அக்கா வெளியிலிருந்து. திரும்பிப் போக அவர் பிடித்த ஆட்டோ வாசலில் நின்றிருந்தது.

"ஆச்சுக்கா."

"சத்தியமா?"

"ஒரு மடிப்பு எடுத்திருக்கேன்க்கா. இனிமே அணையாது."

அந்த எண்பத்தெட்டைப் பார்த்தபடியே சுவிட்சை அணைத்தேன். தெரியாமல் செய்த தப்பு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. இது தெரிந்து செய்தது.

வெள்ளிக்கிழமை அக்காவிடமிருந்து "ஓடுது" என்று ஒரே சொல்லில் மெசேஜ் வந்தது. அன்று சின்னப் படங்களாகச் செய்திருக்கிறார். பெரியதைச் சனிக்கிழமை காலைக்கு வைத்திருந்தார். சூடு எத்தனை காட்டுகிறது என்று கேட்க மூன்று முறை போனை எடுத்தேன். மூன்று முறையும் கீழே வைத்தேன். ஓடுகிறது என்கிறாரே, நாமாகப் போய்ப் பயமுறுத்துவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து ஐந்துக்குப் போன் வந்தது. அக்காவின் குரல் மெதுவாக இருந்தது.

"கீதா, போயிடுச்சு. எட்டுக்குப் போட்டேன், ஒம்போது மணிக்கு அணைஞ்சிது. மறுபடி மொதல்லருந்து போட்டேன், இப்பவும் போயிடுச்சு. ஒரு மணிக்கு அவங்க ஆபீசுல வந்து உக்காந்துடுவாங்க. எனக்கு ரெண்டு மணி நேரம் வேணும். நான் இன்னா பண்ணட்டும்? சொல்லு."

சொல்ல வேண்டியது என் நாக்கில் இருந்தது. பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ. கழற்றி, சைடு பேனலை எடுத்துவிட்டு, டேபிள் ஃபேனை எதிரில் வையுங்கள். கால் நிமிடம் போதும் அதைச் சொல்ல. பத்தேகாலுக்குப் படத்தை ஆரம்பித்திருந்தால் பன்னிரண்டேகாலுக்கு முடிந்திருக்கும்.

"நான் வரேன்க்கா. நீங்க ஒண்ணும் தொடாதீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்கு நிறையக் காரணங்கள் இருந்தன. பள்ளி விட்டு வந்ததும் திறந்த பெட்டியில் குழந்தை விரலை விட்டுவிடுவாள். கரண்ட் அடிக்கும். காற்று நாளில் தூசி அடைத்துக்கொள்ளும். எல்லாமே உண்மைதான். ஆனால் பேனலைக் கழற்றுங்கள் என்று சொன்ன அடுத்த நொடி அவர் ஒன்று கேட்பார்: இது உனக்கு முன்னமே தெரியுமா? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். நேரில் போனால் பேசாமல் துணியைக் கிழித்துவிட்டு, வேறு ஏதோ ஒயரைச் சரிசெய்ததுபோல் வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதை எழுதவே கை கூசுகிறது.

கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுப் போகச் சொன்னார் அண்ணா. அவசரம் என்று அவரிடமும் அழுத்திச் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும் வரை நகரவில்லை. தனி ஆட்டோ பிடித்திருக்கலாம் என்பது பாலகாட்டில் இறங்கும்போதுதான் தோன்றியது. அப்போது மணி பதினொன்றேகால்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். ஒன்றும் தொடவில்லை. நான் சொன்னபடியே.

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, பேனலை எடுத்தேன். வியாழக்கிழமை வெள்ளையாக ஒட்டிய பனியன் சாம்பல் நிறத்தில் விறைத்து நின்றது. ஒன்றரை நாள் காற்றுக்கு அந்த ஒரு மடிப்பும் சுவராகிவிட்டிருந்தது. கிழித்துப் போட்டேன். டேபிள் ஃபேனை எதிரில் வைத்தேன். பதினொன்று இருபதுக்குப் படம் ஓட ஆரம்பித்தது. எண் அறுபத்தெட்டில் நின்றது, அசையவில்லை.

அக்கா தரையில் கிடந்த துணியைப் பார்த்தார். என் கையிலிருந்த இரண்டு ஸ்க்ரூவையும் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"ஆமாக்கா."

"இத போன்ல சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே. எங்கூட்ல ஸ்க்ரூ டிரைவர் கீது."

நான் தரையில் கிடந்த துணியைப் பொறுக்கிச் சுருட்டினேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். "சத்தியமான்னு கேட்டேன். நீ மடிப்பு கிடிப்புன்னு வேற இன்னாவோ சொன்ன. எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆட்டோ நின்னுக்கினு இருந்துச்சு, ஏறிட்டேன்."

பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் மட்டும் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் கோபமாகப் பேசியதாகத் தெரியவில்லை. "ஆய்த்து சார், ஆய்த்து சார்" என்று கன்னடத்தில் சரி சொல்லிக்கொண்டே இருந்தார் அக்கா. திங்கட்கிழமை அலுவலகத்துக்கே வந்துவிடுவதாகச் சொல்லி வைத்தார்.

இதற்குப் பிறகு கடையில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அண்ணாவிடம், பனியனால்தான் அணைந்தது, அக்காவுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று என்றேன். போனில் சொல்லாமல் விட்டதைச் சொல்லவில்லை. அவர் "இன்னா பண்றது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஆடியிலும் ஒரு மடிப்பே வெட்டினார். நீங்களும் இப்போது ஒரு மடிப்புத்தான் ஒட்டுவீர்கள். பனியனே வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தூசி நிஜம். பெரிய கார்டு உள்ள பெட்டிக்குப் பனியன் போடாமல், வாரம் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்வது சரியாக இருக்கலாம். அதுவும் தவறாகப் போகலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெட்டி அவர்கள் வீட்டில் எப்படி இருக்கப்போகிறதோ அப்படி மூடி, அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஆட்டோ நிற்கட்டும்.

இன்னொன்றையும் கேட்க நினைத்தேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றால், அப்போதே, போனிலேயே சொல்லிவிடுங்கள் என்று. நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நம்பப் பார்க்கிறேன். என்னை நம்ப முடியவில்லை. இன்று அதே போன் வந்தால் நான் என்ன சொல்வேன் என்று பல முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாதி முறை "நான் வரேன்க்கா" என்றுதான் வருகிறது.

அன்று நான் உடனே கிளம்பியிருக்கலாம். படம் முடியும் வரை இருக்கிறேன் என்று நானாகவே உட்கார்ந்துவிட்டேன். அக்கா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. யாருக்கும் இனி தேவைப்படாத படம் திரையில் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. ஜன்னல் வழியாக வெயில் விழுவதுபோல் செய்திருந்தார்.

அரை நாள் பள்ளி முடிந்து தர்ஷினி வந்தாள். பையைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து, திறந்துகிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சா ஆன்ட்டி?"

"சரியாயிடுச்சு" என்றேன்.

"அப்போ அம்மா வீட்லயே இருப்பாங்களா?"

திரையில் எண் அறுபத்தெட்டு. சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தர்ஷி, கை கழுவிக்கினு வா. கீதா, நீயும் வா. சோறு போட்டுட்டேன்."

மூன்று தட்டு வைத்திருந்தார். எனக்கு வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து, போட்டதை முழுவதும் சாப்பிட்டேன்.